ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைப்பதில்லை

ஆயுத பூஜை அன்று காலை ஏழே காலுக்கு ரோகிணி போன் செய்தாள். மாமல்லபுரத்தில் ஜன்னா ரெசிடென்சி என்று இருபத்திரண்டு அறை ஓட்டல் ஒன்று இருக்கிறது. அதில் ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்கிறவள்.

"யக்கா, நெட்டு சுத்தமா போச்சு. புக்கிங் தொறக்கல, ஸ்வைப் மிசின் வேலை செய்யல, கெஸ்ட்டுங்கோ எல்லாம் கீழ எறங்கி வந்துட்டாங்கோ. சார் கத்தினுகீறாரு" என்றாள்.

நான் கூடுவாஞ்சேரியில், என் வீட்டில், தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கல்லில் தோசை கருகியது. கருகட்டும் சனியன் என்று அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெனிட்டா. ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்தேன். மேனேஜரோடு வாய்த்தகராறு முற்றி, வேலையை விட்டு, ஆறு மாதமாகத் தனியாகச் செய்கிறேன். ஜன்னா ரெசிடென்சிதான் எனக்கு உருப்படியாகக் கிடைத்த முதல் வாடிக்கை. அதன் முதலாளி சுஹைப், கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இன்னொரு பெரிய ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். "இங்க நல்லபடியா ஓடினா அதுவும் உங்களுக்குத்தான் மேடம்" என்று சொல்லியிருந்தார். கருங்குழி வந்தால் நான் என் காலில் நிற்கலாம். வராவிட்டால் பழைய மேனேஜரிடமே போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். அந்த ஆளின் முகத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஓட்டலில் நான் செய்த வேலை என்னவென்றால், ஒரு ஃபயர்வால் வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு முந்திய கதை. பன்னிரண்டாம் நம்பர் அறையில் தங்கியிருந்த ஒரு குழந்தை, அப்பாவின் போனை நோண்டி ஒரு டைனோசர் படத்துக்குப் பிரிண்ட் கொடுத்திருக்கிறது. அது ரிசப்ஷன் பிரிண்டரில் பதினெட்டுப் பக்கம் வந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், சுஹைப் சிரிக்கவில்லை. விருந்தாளியின் வைஃபையிலிருந்து பிரிண்டரைத் தொட முடியும் என்றால் பில் போடும் கம்ப்யூட்டரையும் தொடலாம். தங்குகிறவர்களின் ஆதார் நகல் அத்தனையும் அதில்தான் கிடக்கிறது. மனுஷன் அன்றைக்கே எனக்குப் போன் செய்தார்.

நடுவில் ஒரு தடுப்பு வேண்டும், அதுதான் ஃபயர்வால். தனிப் பெட்டியாகவும் கடையில் கிடைக்கும். ஆனால் அந்த ஓட்டலில் மாடிப்படிக்குக் கீழே, சலவைத் துணி அலமாரிக்குப் பக்கத்து அறையில், நல்ல சர்வர் ஒன்று முக்கால்வாசி வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஹைப்பர்வைசர் இருந்தது. ஒரே இரும்புப் பெட்டிக்குள் நாலைந்து கம்ப்யூட்டர் தனித்தனியாக இருப்பது போல ஓட்டிக் காட்டும் மென்பொருள் அது. பில், புக்கிங், கேமரா என்று மூன்று ஏற்கெனவே அதற்குள் குடியிருந்தன. நாலாவதாக ஃபயர்வாலையும் அங்கேயே குடிவைத்துவிடலாம், தனிப் பெட்டி எதற்கு என்றேன்.

ஃபயர்வால் ஒரு ஃபைலாக வரும். அதைச் சர்வரில் ஏற்றி, இதற்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு இடம் என்று ஒதுக்கி, மூன்று வாசல் வைத்தேன். ஒன்று இன்டர்நெட் பக்கம், ஒன்று ஆபீஸ் பக்கம், மூன்றாவது விருந்தாளிகளுக்கு. விருந்தாளி தன் வாசல் வழியாக வெளியே போகலாம், ஆபீஸுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. சொல்வதற்கு சுலபம். எந்த வயர் எந்த வாசலுக்கு என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. முனிசாமி அண்ணன் இல்லாவிட்டால் அன்றைக்கு முடிந்திருக்காது.

அந்த ஓட்டலின் எலக்ட்ரீஷியன் அவர். மோட்டார், ஜெனரேட்டர், ஏசி, லிஃப்ட் எல்லாம் அவர் கைதான். சுஹைப்பின் அப்பா ஹமீது எட்டு அறையோடு ஆரம்பித்த நாளிலிருந்தே இருக்கிறார். அவர் வயரை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடி, "யம்மா, இத்த ஆட்றேன், அங்க ஆடுதா பாரு" என்று கத்துவார். கண்டுபிடித்த வயருக்கெல்லாம், சலவைக்குப் போகும் துணியில் அறை நம்பர் போட்டுக் கட்டுவார்களே, அந்தத் துண்டுத் துணியைக் கட்டினார். எனக்கு ஒரே சிரிப்பு. ஆனால் அதைவிடச் சரியாக அடையாளம் வைத்த ஆளை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாம் ஓடியது. பாக்கி ஒன்றே ஒன்று. சர்வர் பெட்டியையே ஒரு தடவை முழுசாக அணைத்து, திரும்பப் போட்டு, உள்ளே இருக்கும் நாலும் தானாக எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கெஸ்ட்டு எல்லாம் ரூம்ல இருக்காங்க மேடம், இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?" என்றார் சுஹைப். எனக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். சரி என்றேன். ஆனால் அவரிடம் கொடுத்த ரிப்போர்ட்டில், 'முழு ரீஸ்டார்ட் சோதனை' என்ற வரிக்கு நேராக 'சரி' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். வரி காலியாக இருந்தால் அசிங்கமாகத் தெரியுமாம். இன்னொரு நாள் வரவும் இல்லை, நான் போகவும் இல்லை.

இப்போது பூஜை நாள் காலைக்கு வருகிறேன். வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழையப் பார்த்தேன், முடியவில்லை. முடியாது. உள்ளே போகும் வழியே ஃபயர்வால் மூலமாகத்தான் என்று நான்தான் வைத்திருந்தேன். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திய கதை. என்னையே திட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி. கடைக்குக் கடை வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். வேன், லாரி, ஆட்டோ எல்லாம் கழுவி மாலை போட்டு நின்றன. எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ரோகிணி என்னை நேராக மாடிப்படி அறைக்குக் கூட்டிப்போனாள். சர்வரின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். பக்கத்தில் இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி பொரி.

"இத அணைச்சாங்களா?" என்றேன்.

"ஆமாக்கா. முனிசாமி அண்ணா வருஷா வருஷம் எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் படைப்பாரு. மோட்டாரு, ஜெனரேட்டரு, இது, எல்லாந்தான். அரை மணி நேரம். அப்பால திரும்பப் போட்டுடுவாரு."

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் வேலை பார்த்த ஆபீஸில் வருஷா வருஷம் பொரி தின்றிருக்கிறேன். அங்கேயும் சர்வருக்குப் பொட்டு வைப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். முறைப்படி அணைத்துவிட்டு வைக்கிற ஆள் ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லேப்டாப்பிலிருந்து ஒரு வயரை நேராகச் சர்வரில் சொருகினேன். ஹைப்பர்வைசரின் பக்கம் திறந்தது. பில் ஓடுகிறது, புக்கிங் ஓடுகிறது, கேமரா ஓடுகிறது. ஃபயர்வால் மட்டும் அணைந்து கிடக்கிறது. பழைய மூன்றுக்கும், பெட்டி எழுந்ததும் தானாக எழுந்துகொள் என்று எனக்கு முன்னால் வந்த யாரோ டிக் போட்டு வைத்திருந்தார்கள். என்னுடையதற்கு நான் போடவில்லை. ஒரே ஒரு டிக். முனிசாமி அண்ணன் மேல் துளி தப்பு இல்லை. பவர் பட்டனை அமுக்கி, நாலும் ஒழுங்காக மூடிக்கொள்ளும் வரை காத்திருந்து அணைத்திருக்கிறார், பதிவில் நேரத்தோடு இருந்தது. என் சாமானை எழுப்பினேன். நாலு நிமிஷத்தில் நெட் வந்தது. அப்புறம், ரோகிணி திரும்பி நின்ற சமயமாகப் பார்த்து, விட்டுப்போன டிக்கைப் போட்டேன். திருட்டுப் பூனை மாதிரி போட்டேன்.

லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால், ரிசப்ஷன் முன்னால் கூட்டம். சமையல்காரர்கள், அறை சுத்தம் செய்கிற பெண்கள், வாட்ச்மேன், நாலைந்து விருந்தாளிகள். நடுவில் முனிசாமி அண்ணன். காலையில் கட்டிய புது வேட்டி, நெற்றியில் விபூதி. சுஹைப் அவர் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு அணைச்ச? சொல்லு, யாரக் கேட்டு?"

"வருஷா வருஷம் பண்றதுதான தம்பி. பெரிய மொதலாளி காலத்துலேர்ந்து..."

"அப்பா காலத்துல இங்க சர்வர் இருந்துச்சா? பொட்டு வெக்கறதுன்னா சும்மா வெச்சுட்டுப் போவ வேண்டியதுதான?"

"ஓடினுகீற மிசினுக்கு எப்டி தம்பி கற்பூரம் காட்றது? செத்த நேரம் தூங்க வெச்சுட்டு எழுப்பறதுதான் மொறை."

"மொறையா? இருபத்திரண்டு ரூமும் ஃபுல்லு. பன்னெண்டு மணிக்குப் பாதி ரூம் மாறுது. வந்து நிக்கறவங்க கிட்ட மொறைன்னு சொல்லட்டுமா? நாளைலேர்ந்து வராத. கருங்குழிக்கு மெயின்டனன்ஸ் ஆளுங்கள பேசியிருக்கேன், அவங்களே இங்கயும் பாத்துக்குவாங்க. சாவியக் குடு."

அப்போது சுஹைப் என்னைப் பார்த்தார்.

"வந்துடுச்சா மேடம்?"

"வந்துடுச்சு."

"பவர அணைச்சதாலதான போச்சு?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் தொண்டையில் கருங்குழி வந்து உட்கார்ந்துகொண்டது. "அணைச்சதாலதான் போச்சு" என்றேன். பொய் இல்லை. பொய்யைவிடக் கேவலம் அது.

முனிசாமி அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார். "நீ ஒரு நாள் பூரா குந்தினு பண்ண வேலைய கெடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் சாகவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

சுஹைப் ரொம்ப மரியாதையாக என்னை நாஸ்தா சாப்பிடச் சொன்னார். அடுத்த வாரம் கருங்குழிக்கு வந்து இடத்தைப் பார்த்துவிடுங்கள் என்றார். பொங்கலும் வடையும் வந்தது. ஸ்டான்லி மாஸ்டர் கைப்பொங்கல் நெய் ஒழுக நன்றாகத்தான் இருக்கும். எனக்கு இறங்கவில்லை. பாதித் தட்டோடு எழுந்து, வண்டியை எடுக்கப் போனேன்.

ஜெனரேட்டர் அறைப் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். தன் டெஸ்டர், பிளையர், ஸ்பேனர் எல்லாவற்றையும், பொட்டு அழியாமல் ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"யம்மா, அந்தப் பொட்டிக்கு ஒண்ணும் ஆவலியே? நல்லா கீதா?"

வேலை போன மனுஷன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது, எல்லாம் என் மேலேயே. "பெட்டி நல்லா இருக்குண்ணா. தப்பு உங்களுது இல்ல, என்னுது. எழுந்து வாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சுஹைப்பின் அறைக்குக் கூட்டிப்போனேன்.

சுஹைப் தனியாக இருந்தார். கதவைச் சாத்திவிட்டு, எதையும் மழுப்பாமல் சொன்னேன். டிக் போடாததைச் சொன்னேன். மற்ற மூன்றும் தானாக எழுந்ததையும், அவர் அணைத்த விதத்தில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொன்னேன்.

"ரிப்போர்ட்ல ரீஸ்டார்ட் டெஸ்ட் சரின்னு எழுதியிருந்தீங்களே?"

"பண்ணல. பண்ணாம எழுதிட்டேன்."

"நான் வெளிய கேட்டப்போ?"

"கருங்குழி போயிடும்னு பயந்துட்டேன் சார்."

அவர் பேனாவை எடுத்து மூடி, திறந்து, மறுபடி மூடினார். "போச்சுதான் மேடம்" என்றார். கோபத்தில் கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

"போகட்டும் சார். ஆனா அன்னிக்குப் பண்ணாத டெஸ்ட்ட இப்போ பண்ணிடணும். டிக் போட்டுட்டேன்னு நான் சொல்றத நம்பாதீங்க. டிசம்பர்ல ஒரு புயல் அடிச்சு, கரண்ட் போயி, யுபிஎஸ்ஸும் செத்தா சர்வர் யாரையும் கேட்டு அணையாது. அப்போ எந்திரிக்கலன்னா நான் கூடுவாஞ்சேரிலேர்ந்து வர ரோடு இருக்காது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. "பத்து நிமிஷத்துல முடிப்பீங்களா?" என்று எழுந்தார். ரோகிணியிடம் நெட் கொஞ்ச நேரம் போய் வரும் என்று மட்டும் போனில் சொன்னார்.

மாடிப்படி அறையில் நாங்கள் மூன்று பேர். பட்டனை முனிசாமி அண்ணன் அமுக்கட்டும் என்றேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் இனிமே தொட மாட்டேம்பா. நீயே பண்ணிக்க" என்றார். சுஹைப் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். "அணைங்க அண்ணே" என்றார்.

அண்ணன் சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு விரலால் பட்டனை அமுக்கினார். விசிறிச் சத்தம் மெல்ல அடங்கியது. விளக்கெல்லாம் அணைந்தது. வயரைப் பிடுங்கி, அறுபது எண்ணச் சொன்னேன், அவர் வாய்விட்டு எண்ணினார். திரும்பச் சொருகி அமுக்கினார். பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. என் லேப்டாப்பில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மூன்றாவது நிமிஷம் ஹைப்பர்வைசர் எழுந்தது. அதற்குள் முதல் ஆளாக ஃபயர்வால், யாரும் தொடாமல், பச்சையாகத் தெரிந்தது. பின்னாலேயே பில், புக்கிங், கேமரா. ஆறாவது நிமிஷம் ரிசப்ஷனிலிருந்து ரோகிணி, "வந்துடுச்சு சார்!" என்று கத்தினாள்.

"மேல் டேங்குக்கு மோட்டார் போட்டாச்சா?" என்று சுஹைப் முனிசாமி அண்ணனைக் கேட்டார். இல்லை என்று அவர் தலையாட்டினார். "போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார். அண்ணனை வேலையிலிருந்து நிறுத்துகிற பேச்சு அதோடு முடிந்தது.

அண்ணன் கதவைப் பூட்டினார். நான் லேப்டாப்பைப் பையில் வைத்தேன். அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஆமாம், எதிர்பார்த்தேன், எதற்கு மறைக்க வேண்டும். கருங்குழியையே விட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேனே!

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "தம்பி என்னை அங்க நிக்க வெச்சு கேட்டாரே, அப்போ கம்ப்யூட்டர கையில வெச்சுகினு நின்னியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா."

தலையை ஆட்டினார். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அவரு திட்டினப்போ மொத்த ஓட்டலும் நின்னு பாத்துச்சு. நீ உண்மைய சொன்னப்போ ஒரு ஆளு இல்ல" என்றார். மோட்டார் போடப் போய்விட்டார்.

நான் வண்டி வரைக்கும் போனேன். ஹெல்மெட்டை மாட்டினேன். கிளம்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அண்ணனும் திரும்ப இதைப் பேசியிருக்க மாட்டார். சே, என்ன பிறவி நான் என்று ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு உள்ளே நடந்தேன். ரிசப்ஷனில் ரோகிணியை வா என்று கூப்பிட்டு, நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். ஸ்டான்லி மாஸ்டர் மதியத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். அவருக்கு உதவிக்கு நிற்கும் சரோஜா அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அறை சுத்தம் செய்கிற பெண்கள் நாலு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேனும் வாசலில் வந்து நின்றான்.

"மாஸ்டர், அடுப்ப கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றேன். "காலைல நெட்டு போனது முனிசாமி அண்ணனால இல்ல. என்னால. நான் ஒரு வேலைய பாதியில விட்டுட்டு, முடிச்சுட்டேன்னு எழுதிக் குடுத்தேன். அவரு திட்டு வாங்கினு நிக்கும்போது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா நின்னேன்."

சரோஜா அக்கா கத்தியைக் கீழே வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பொண்ணும்மா நீ" என்றார்.

ரோகிணி ஒரு டம்ளரில் டீ ஊற்றி, மேலே ஒரு வடையை வைத்துக்கொண்டு, மோட்டார் அறைப் பக்கம் போனாள்.